அலமாரியின் முதுகு

உங்கள் வீட்டு அலமாரியின் முதுகை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? இருக்காது. எங்கள் வீட்டிலும் யாரும் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிற சமாசாரம் அது. அந்த முதுகால் என் அக்காவின் கல்யாணம் நின்றுபோக இருந்தது என்று சொன்னால் என்னோடு படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வருடம் எங்கள் வீட்டில் குடியிருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அக்கா ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். அதே ஆபீசில் கிளார்க்காக இருந்தவர்தான் மாப்பிள்ளை. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் முதலில் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, ஜாதகம் பார்த்ததாகப் பேர் பண்ணி, சரி என்றுவிட்டார்கள். மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்தது அவருடைய அத்தை. ஆகவே எல்லாம் அந்த அத்தையின் கையில்.

அத்தை ஒருநாள் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் கடைவீட்டு மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். காப்பி குடித்தார். நகை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நகை நட்டெல்லாம் உங்க பிரியம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணோட ஒரு அலமாரி வரணும். முழு மரத்துல இருக்கணும். பொண்ணு என் வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்ன அலமாரி கால் வைக்கணும். எங்க வழக்கம்."

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இவ்வளவுதானாம்மா? சாலிட் தேக்குலயே செஞ்சுடுவோம்!" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்த பிறகுதான் ரோதனை ஆரம்பித்தது. முழு மரம் என்றால் என்ன என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை; ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பாவுக்குத் தேக்கு என்றாலே முழு மரம். அம்மாவுக்கு, நகர்த்த முடியவில்லை என்றால் அது முழு மரம். கீழே மளிகைக்கடை வைத்திருந்த பாய், ஆணியே அடிக்காமல் செய்தால்தான் முழு மரம் என்றார். பக்கத்து அறைக்காரர் ஒருவர், "மோந்து பாருங்க, மரம் தானா சொல்லும்" என்றார். மரம் சொல்லுமாம்.

நான் அப்போதுதான் யுனிவர்சிட்டியில் சேர்ந்திருந்தேன். லைப்ரரியில் ஒரு மத்தியானம் முழுக்கப் புத்தகம் புரட்டிவிட்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினேன். தேக்கு என்பது மரத்தின் ஜாதி. சாலிட் என்பது பலகை எப்படி ஆனது என்பது. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். மரத்தை அறுத்தெடுத்த பலகை மேலேயும் உள்ளேயும் ஒரே மரமாக இருந்தால் சாலிட். இரண்டு மூன்று பலகையைப் பக்கவாட்டில் சேர்த்து ஒட்டினாலும் சாலிட்தான். தோல் மாதிரி சீவிய ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி அழுத்தினால் அது ப்ளைவுட். மட்டமான பலகைமேல் நல்ல மரத்தின் தோலை ஒரே ஒரு ஏடு ஒட்டி மினுக்கினால் அது வெனியர். ஒரு பெரிய சாமானில் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான்...

"முடிச்சிட்டியா?" என்றார் அம்மா. "போய் மண்ணெண்ணெய் வாங்கிட்டு வா."

இதுதான் என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை.

ஜாலான் புசார் பக்கம் இருந்த ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், பட்டறையில் அப்பா அலமாரிக்குச் சொன்னார். அப்பா துறைமுகக் கிடங்கில் மண்டோர். கூலி ஆட்களை வைத்துச் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை. தவுக்கேக்கு அவரைப் பழக்கம். அலமாரியும் உண்மையிலேயே அழகாக வந்தது. இரட்டைக் கதவு. ஒரு பக்கம் தட்டுகள், ஒரு பக்கம் துணி மாட்டும் கம்பி. உச்சியில் பூவேலை செய்த ஒரு கொண்டை. கதவு, பக்கம், தட்டு, கால் எல்லாமே தேக்குப் பலகை. முதுகு மட்டும் ப்ளைவுட். உலகத்தில் எல்லாத் தச்சர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். யார் முதுகைப் பார்க்கப் போகிறார்கள்?

அத்தை பார்க்கப் போகிறார்.

பார்க்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பி, அப்பாவையும் என்னையும் பட்டறை வாசலில் காக்க வைத்து, குடையோடு வந்து இறங்கினார். வந்ததும் அலமாரியைத் தட்ட ஆரம்பித்தார். கும்பகோணத்து மிருதங்க வித்வான் கூட அப்படித் தட்டிக் கேட்டிருக்க மாட்டார். கதவில் தட்டினார். காதை வைத்தார். பக்கத்தில் தட்டினார். காதை வைத்தார்.

"இது என்னா கோடு?"

"ரெண்டு பலகைய ஜாயிண்ட் போட்டிருக்கும்மா," என்றார் அப்பா.

"ஒட்டா?"

நான் உள்ளே புகுந்தேன். "அத்தை, அவ்வளவு அகலத்துக்கு ஒரே பலகை வேணும்னா மரம் எவ்வளவு பெருசா இருக்கணும்? ஒட்டுனாலும் அது சாலிட்தான். புக்குலயே..."

"தம்பி காலேஜா?"

"ஆமா."

"அதான் பாத்தேன்." அதோடு என்னை விட்டுவிட்டார். ஆனால் ஆச்சரியமாக ஒட்டுப் போட்டதை ஒத்துக்கொண்டார். "சரி, மரமும் மரமும் சேந்தா மரந்தான்." அப்பாவின் தோள் இறங்கியது. நாங்கள் கிளம்பலாம் என்று நினைத்தபோது அத்தை குடையை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் நுழைந்தார்.

தட்டும் சத்தம் வந்தது. டொப் டொப் என்று, காலி பிஸ்கட் டின் மாதிரி.

"என்னா இது?" என்றது அலமாரிக்குப் பின்னால் இருந்து குரல்.

"முதுகும்மா," என்றார் அப்பா.

"முதுகுன்னு தெரியுது. என்னா மரம்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தவுக்கேயைப் பார்த்தேன். தவுக்கே சிகரெட்டைப் பார்த்தார்.

"அது ப்ளைவுட்டுங்க. எல்லாரும் அப்படித்தான் வைக்கிறது. சுவத்துப் பக்கம் போயிடும்ல," என்று கடைசியில் அப்பாதான் சொன்னார்.

அத்தை வெளியே வந்தார். முகத்தில் தூசி. கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அழுகிற மாதிரி இருந்தார். "நாங்க முன்ன கம்பத்துல, தரையோட தரையா பலகை வீட்டுல இருந்தப்ப ஒரு அலமாரி வாங்குனேன். முழு மரம்னுதான் குடுத்தான். ஒரு மழைல வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. வடிஞ்சப்புறம் பாத்தா அலமாரி பரோட்டா மாதிரி ஏடு ஏடா பிரிஞ்சு நிக்குது. உள்ள இருந்தது அத்தனையும் நாசம். அப்பவே முடிவு பண்ணேன், என் வீட்டுக்குள்ள இனிமே ப்ளைவுட்டு வராதுன்னு. நீங்க வாக்கு குடுத்தீங்க. அதான் வேற எதுவும் கேக்கல."

"அம்மா, நான் ஏமாத்தணும்னு..."

"நான் அப்படிச் சொல்லல. தேதிய அப்புறம் பேசிக்கலாம்." குடையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார்.

அப்புறம் பேசிக்கலாமா? கோயிலில் மண்டபம் சொல்லியாயிற்று. சொந்தக்காரர்கள் பினாங்கிலிருந்து ரயிலேறப் போகிறார்கள். நான் வீட்டுக்கு வந்து கத்தினேன். அந்தம்மாவுக்கு சாலிட் என்றால் அர்த்தமே தெரியாது, நான் போய் நேருக்கு நேர் கேட்கிறேன், மழைத்தண்ணீர் உச்சி மாடி வரைக்கும் ஏறி வருமா என்று கேட்கிறேன் என்றெல்லாம். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாக்குக் கொடுத்தவர் அவர். அக்கா ஆபீசிலிருந்து வந்து, எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டு, என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப் போனாள்.

"டேய், நீ வாயத் தொறக்காத."

"அந்தம்மா சொல்றது முட்டாள்தனம்க்கா."

"இருக்கட்டும். எனக்கு அவரு வேணும். அத்தைய மீறி அவரு வரமாட்டாரு, வந்தா எனக்கும் பிடிக்காது. அவங்க இரும்புல அலமாரி கேட்டாலும் குடுக்கணும். நீ ஜெயிச்சுட்டு, நான் இங்கயே உக்காந்து டைப் அடிக்கவா?"

லைப்ரரிப் புத்தகத்தை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரமே அப்பா, அம்மா, நான் மூவரும் சமாதானம் பேச மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். புக்கிட் மேராப் பக்கம் புதிதாகக் கட்டிய நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு படிக்கட்டுக்கும் மாடிக்கு இரண்டே வீடு. அவர்களுடையது உச்சி மாடி. ஏறிப் போய் உட்கார்ந்ததும் அத்தை டீயைக் கொண்டுவந்து ஒரு மேசைமேல் வைத்தார். மேசையைத் தட்டினார்.

"இதப் பாருங்க. இதான் முழு மரம். என் வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தது. கம்பத்துல அத்தனை தண்ணிலயும் அசையல."

எனக்கு மேசையின் மூலை பக்கத்திலேயே இருந்தது. விரலால் தடவினேன். மூலையில் ஏடு லேசாகப் பெயர்ந்திருந்தது. என் நகம் அதன் கீழே போனது. மேலே பளபளவென்று சிவப்பு மரம். கீழே வெளிறிப்போன ஏதோ பெட்டிப் பலகை. வெனியர்! சுத்தமான, அக்மார்க் வெனியர்! வாய் தானாகத் திறந்தது.

அம்மா என் தொடையைக் கிள்ளினார். புடவைக்கு மறைவில், முகத்தில் சிரிப்பு மாறாமல், சதையைத் திருகி ஒரு கிள்ளு. "தம்பி, டீ ஆறுது பாரு."

டீயைக் குடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு விழுங்கிய டீ வேறு இல்லை. மூலையில் நின்ற மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனையோ வருடமாகத் தெரிந்திருக்கிறது. என்னிடம் கண்ணால் கெஞ்சினார், சொல்லிவிடாதே மச்சான் என்று.

"முதுகையும் பலகைலயே போட்டுடறோம்மா," என்றார் அப்பா.

"கனமான பலகையா?"

"கனமான பலகை."

"அப்ப தேதி அப்படியே இருக்கட்டும்," என்று அத்தை எழுந்து அம்மாவுக்கு வெற்றிலை எடுத்துக் கொடுத்தார்.

கிளம்புவதற்கு முன் அப்பா பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, அலமாரி நிற்கப்போகிற சுவரை அளந்தார். ஜன்னல் எவ்வளவு தள்ளி என்று அளந்தார். கூரை உயரம், வாசற்கதவு அகலம், கதவு திறந்தால் கட்டிலில் இடிக்குமா, எல்லாம் அளந்தார். வாழ்நாள் முழுக்கக் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கின மனுஷர். பிறகு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, படிக்கட்டில் பேசிக்கொண்டே இறங்கிவிட்டார்.

தவுக்கேயிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. "பெலாக்காங் புன் காயு? முதுகும் மரமா? பெராட் லா மண்டோர்! தூக்க முடியாது!"

"நம்ம ஆளுங்க கப்பலையே தூக்குவானுங்க. நீ போடு லா."

"போலே, போலே," என்று தவுக்கே ஒத்துக்கொண்டார். காசு கொடுத்தால் அவர் முன்பக்கத்தையும் சுவராக்கித் தருவார். ஆனால் அந்த நீளத்துக்குக் காய்ந்த தேக்குப் பலகை கைவசம் இல்லை. ஆகவே தண்ணீரில் போட்டால் கல்மாதிரி மூழ்குகிற ஏதோ உள்ளூர் மரத்தில் தடிப் பலகைகளை அறுத்துச் சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். இன்று நாளை என்று இழுத்து, கடைசியில் கல்யாணத்தன்று காலையில்தான் வேலை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் தாலி கட்டி முடிந்து சாப்பாடும் ஆயிற்று. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பொண்ணும் மாப்பிள்ளையும் புக்கிட் மேரா வீட்டுக்குள் நுழைந்து பால் பழம் சாப்பிட வேண்டும். அதற்கும் முன்னால் அலமாரி நுழைய வேண்டும். அப்பா தன் கிடங்கு ஆட்களோடு லாரியில் அலமாரியை அனுப்பிவிட்டு, என்னையும் கூடவே ஏற்றிவிட்டார். ஆட்கள் நல்ல பலசாலிகள். மூன்றாம் மாடி வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏற்றினார்கள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில் அலமாரியை நிமிர்த்தி வைத்து மூச்சு வாங்கினார்கள். பிறகு திருப்பப் பார்த்தார்கள்.

திரும்பவில்லை.

உச்சிக் கொண்டை மேல் படிக்கட்டின் அடியில் போய்க் குத்திக்கொண்டது. ஒரு பக்கம் சுவர். ஒரு பக்கம் கைப்பிடி. தூக்கவும் முடியாது, சாய்க்கவும் முடியாது. படி திரும்பும் இடத்தைச் சரியாக இரண்டாகப் பிரித்துக் கதவு போட்ட மாதிரி அலமாரி நின்றது. கதவுப் பக்கம் எங்களை நோக்கி. முதுகு மேல் மாடியை நோக்கி. பாதி ஆட்கள் அந்தப்பக்கம், பாதி ஆட்கள் இந்தப்பக்கம்.

"என்னாங்கடா, கப்பலத் தூக்குவீங்கன்னாரு அப்பா?" என்று கேட்டேன்.

"தம்பி, கப்பல்ல படிக்கட்டு இவ்வளவு குறுகலா இருக்காது," என்றார் ஒருவர். "ஆனாலும் எந்தக் கூமுட்டை இதுக்கு முதுகு வச்சான்? எரும மாதிரி கனக்குது."

நான் கூரையைப் பார்த்தேன். வாயைத் திறக்காதே என்று அக்கா சொல்லியிருந்தாள்.

கீழே கார் வந்து நின்றது. நாதஸ்வரம் வேறு. அக்காவும் மாப்பிள்ளையும் மாலையோடு ஏறி வந்தார்கள். பின்னால் அப்பா, அம்மா, தாம்பாளங்கள், பினாங்கு சொந்தங்கள், பால் சொம்பு. எல்லோரும் படியில் வரிசையாக நின்றுவிட்டார்கள். அப்பா அலமாரியைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மேலேயிருந்து அத்தையின் குரல் வந்தது. ஆரத்தித் தட்டோடு வீட்டு வாசலில் காத்திருந்தவர் இறங்கி வந்திருக்கிறார். என்ன சொல்கிறார் என்றே கேட்கவில்லை. முழு மரம் அல்லவா, சத்தம் தாண்டவில்லை.

"அத்தை, அலமாரி மாட்டிக்கிச்சு!" என்று மாப்பிள்ளை கத்தினார்.

"என்னாது?"

"மாட்டிக்கிச்சு!"

"யாரு மாட்டிக்கிட்டா?"

அந்தப்பக்கம் எதிர்வீட்டுச் சீனரும் ராத்திரி வேலைக்குப் போக முடியாமல் நின்றுகொண்டு ஹொக்கியன் சீனத்தில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். வாட்சைப் பார்த்தேன். நாலேகால். படிக்கட்டில் யாரோ ஒரு கிழவி, "ராகு காலத்துல உள்ள போனா விளங்கினாப்புலதான்," என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ரகசியம் பேசினாள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

அக்கா புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அலமாரிக் கதவைத் திறந்து, துணி மாட்டுகிற பக்கத்துக்குள் ஏறி நின்றுகொண்டாள். மாலையும் பட்டுமாக அலமாரிக்குள் கல்யாணப் பொண்ணு. முதுகுப் பலகையை விரல் முட்டியால் தட்டினாள்.

அந்தப்பக்கத்திலிருந்து, "யாரது?"

"நான்தான் அத்தை!" என்று பலகையில் வாயை வைத்துக் கத்தினாள்.

"எங்கம்மா இருக்க?"

"அலமாரிக்குள்ள!"

"அங்க என்னாத்துக்குப் போன? வெளிய வா, நேரமாவுது!"

"இந்தப் பலகை இருக்குதே அத்தை!"

அத்தை என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நடுவில் தடிப் பலகை. கேட்டது மட்டும்தான் தெரியும். "கழட்டுங்கடா இத! என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, ஸ்க்ரூவக் கழட்டுங்கடா!" எதிர்வீட்டுச் சீனர் ஓடிப்போய் ஸ்க்ரூட்ரைவர் கொண்டுவந்திருக்கிறார், அவசரம் அவருக்கும்தான். கிர்க் கிர்க் என்று சத்தம். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அத்தையின் திட்டு: "யாருடா இப்படி முடுக்குனவன், கடங்காரன்."

பலகை விலகியது. அக்கா அலமாரிக்குள்ளிருந்து எதிரே பார்த்தாள். அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

அத்தை அலமாரிக்குள் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை எங்க? அவனும் வரட்டும்," என்றார். மாப்பிள்ளை அலமாரிக்குள் ஏறி அக்கா பக்கத்தில் ஒடுங்கி நின்றார். அங்கேயே ஆரத்தி சுற்றினார் அத்தை. "வலது கால எடுத்து வச்சு வாம்மா." அக்கா அலமாரியின் முதுகு வழியாக வலது காலை வைத்து இறங்கினாள்.

அவ்வளவுதான். பின்னாலேயே அத்தனை கூட்டமும் அலமாரிக்குள் புகுந்து அந்தப்பக்கம் போயிற்று. தாம்பாளம் போயிற்று, பால் சொம்பு போயிற்று, நாதஸ்வரக்காரர் குழலை முதலில் நீட்டிவிட்டுப் பிறகு தான் நுழைந்தார். அப்பாவுக்குத் துணிக்கம்பி நெற்றியில் இடித்தது. எதிர்வீட்டுச் சீனர் எல்லோரும் முடியட்டும் என்று நின்று, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அலமாரி வழியாக வேலைக்குப் போனார். நாலரைக்குள் பால் பழம் முடிந்தது.

கொண்டையைப் பெயர்த்தெடுத்து, இலேசான அலமாரியைச் சாய்த்து உள்ளே கொண்டுவந்தபோது எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுந்தார். "முதுக மாட்டிடுவோம்மா."

"விடுங்க சம்பந்தி. நாளைக்கு வீடு மாறுனா மறுபடி இந்த ரோதனை. சும்மா நிக்கட்டும்."

என்னால் முடியவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்தது. "அத்தை! அப்ப முழு மரம்?"

அக்கா என்னை முறைத்தாள். அத்தை கேசரியை விழுங்கிவிட்டு, என்னவோ நான் கணக்கில் தப்புப் போட்ட மாதிரி பார்த்தார். "முழு மரம்தான். இப்ப அதுல எங்க தம்பி ப்ளைவுட்டு இருக்கு? காட்டு பாப்போம்."

நான் அலமாரியைச் சுற்றி வந்து பார்த்தேன். தேக்குக் கதவு, தேக்குப் பக்கம், தேக்குத் தட்டு. ப்ளைவுட் எங்கேயும் இல்லை. என் லைப்ரரிப் புத்தகத்தின்படியும், பாய் சொன்னபடியும், எந்தப்படியும் அந்தம்மா சொன்னதில் தப்பே இல்லை. கேசரித் தட்டை வாங்கிக்கொண்டு போய் அந்த வெனியர் மேசை முன்னால் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை எதிரில் வந்து உட்கார்ந்து, பெயர்ந்த மூலைமேல் முழங்கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

அலமாரி நிறைய இப்போது அத்தையின் புடவைகள். அக்காவின் துணிகள் ட்ரங்குப் பெட்டியில் இருக்கின்றன.